கேரவனுக்கு உள்ளே நாமே பெயின்ட் அடிக்கலாமா? 'வண்டி பெயின்ட்'டில் இருக்கும் சிக்கல் என்ன?

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பின்பக்க சீட்டுகளுக்குப் பதில் ஒரு படுக்கை, குட்டி சமையல் மேடை, நாலு அலமாரி எல்லாம் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. ஏற்கெனவே கேரவனாக மாற்றப்பட்ட வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். வாங்கியதும் கண்ணை உறுத்துவது உள்பக்கம்தான். மங்கிப்போன சன்மைக்கா, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அலமாரிக் கதவு, துரு எட்டிப் பார்க்கும் கதவோரம். ரீல்ஸில் பார்த்தால் இதெல்லாம் முப்பது நொடியில் வெள்ளை வெளேர் என்று மாறிவிடுகிறது. நாமே அடித்தால் கூலியும் மிச்சம்.

சங்கரன்கோவில் மாதிரி ஓர் ஊரில் இந்த வேலையில் இறங்கினால், பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் முதல் யோசனை என்னவாக இருக்கும்? "வண்டிக்குத்தானே, பட்டறையில சொல்லி வண்டி பெயின்டே வாங்கி அடிச்சிருங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேரவனின் உள்பக்கம் வண்டி மட்டும் இல்லை. அது ஒரு படுக்கையறை. ஆறடி அகலத்தில், மூடிய ஜன்னலோடு, ராத்திரி எட்டு மணி நேரம் குழந்தைகளோடு மூச்சு விடும் இடம். எந்த பெயின்ட் வாங்குவது, எப்படித் தேய்ப்பது, எப்போது உள்ளே படுப்பது என்ற எல்லா முடிவும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேரவன் நமக்குப் புதுசா?

தமிழ்நாட்டில் 'கேரவன்' என்றதும் சினிமா ஷூட்டிங்தான் ஞாபகத்துக்கு வரும். அடுத்து, தேர்தல் பிரச்சார வேன். கோவையில் தயாராகும் பிரச்சார வேன்களைப் பற்றி ஒவ்வொரு தேர்தலுக்கும் செய்தி வந்துவிடும். வண்டியையே வீடாக்கிக்கொண்ட பிரபலமான பழைய உதாரணம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 1982-ல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என்.டி.ராமாராவ், பழைய செவ்ரலே வேன் ஒன்றை மாற்றியமைத்து 'சைதன்ய ரதம்' என்று பெயரிட்டு ஆந்திரா முழுக்கச் சுற்றினார்.

சுற்றுலாவுக்கான கேரவன் அதற்கெல்லாம் பின்னால் வந்தது. கேரள அரசு 2021-ல் 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்தது. 2022-ல் வாகமனில் கேரவன் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. தென்காசி மாவட்டக்காரர்களுக்கு இது தொலைவான செய்தி இல்லை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியே ஏறினால் கேரளாதான்.

முதலில் சட்டம்: பெயின்ட் அடிக்க அனுமதி வேண்டுமா?

உள்பக்கச் சுவர், கூரை, அலமாரிக்கு பெயின்ட் அடிப்பதால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எந்த விவரமும் மாறாது. அதனால் அதற்குத் தனி அனுமதி தேவைப்படாது. வெளிப்பக்கம் வேறு கதை. வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும். அதை மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி அனுமதி வாங்கி, ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். டிஎன் 79 பதிவெண் வண்டி என்றால் சங்கரன்கோவிலிலேயே அந்த அலுவலகம் இருக்கிறது.

பெரிய சிக்கல் பெயின்டில் வராது, 'அப்படியே கையோடு' செய்யும் மற்ற வேலைகளில்தான் வரும். சீட்டைக் கழற்றுவது, படுக்கையை நிரந்தரமாகப் பொருத்துவது, கூரையை வெட்டி ஜன்னல் வைப்பது எல்லாம் வாகன மாற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களோடு பொருந்தாதபடி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

மத்திய அரசின் வாகன வகைப் பட்டியலில் 'சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன்' என்ற வகையே இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள், ஆர்.சி.யில் வண்டி என்ன வகையாகப் பதிவாகியிருக்கிறது, சீட் எண்ணிக்கை எவ்வளவு என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு பிரஷ்ஷைத் தொடுவது நல்லது. பதிவுக்கும் வண்டிக்கும் பொருந்தாவிட்டால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் கேள்வி வரும்.

90 பிபிஎம்: டப்பாவில் பார்க்க வேண்டிய எண்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பெயின்டுக்குப் பளிச்சென்ற நிறம் கொடுக்கவும், சீக்கிரம் காயவும், துருவைத் தடுக்கவும் ஈயச் சேர்மங்களைக் கலப்பது பழைய வழக்கம். ஈயம் உடலுக்குள் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதனால்தான் மத்திய அரசு 2016-ல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வீட்டு உபயோக, அலங்கார பெயின்ட்களில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது, பத்து லட்சம் பங்கில் 90 பங்கு. 2017 நவம்பரிலிருந்து உற்பத்தியாளர்கள் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். அந்த அளவைத் தாண்டவில்லை என்பதை டப்பாவிலும் அச்சிட வேண்டும்.

விதியின் பெயரை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 'வீட்டு உபயோக, அலங்கார' பெயின்ட். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கும் வாகனங்களுக்கும் தயாராகும் பெயின்ட் இந்த வரம்புக்குள் வராது. அதற்காக வண்டி பெயின்ட் எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஈயமில்லாமல் தயாரிக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் வீட்டு பெயின்ட் டப்பாவில் கிடைக்கும் அந்தச் சட்ட உத்தரவாதம், பட்டறையில் பாதி மிச்சமிருக்கும் டப்பாவில் கிடைக்காது. குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் கவனம் தேவை. 'லெட் குரோமேட்' என்ற ஈயச் சேர்மம் நிறமியாகப் பயன்படுவது இந்த நிறங்களில்தான்.

ஆக, பார்ப்பதற்கு முரணாக இருந்தாலும் விஷயம் இதுதான்: வண்டியின் உள்பக்கத்துக்கு, வீட்டுக்கான பெயின்டே பாதுகாப்பான தேர்வு. 90 பிபிஎம் குறிப்பு அச்சிட்ட, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எனாமல் வாங்கினால் போதும். மரம், இரும்பு இரண்டுக்கும் ஏற்றது என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். சாதாரண சுவர் எமல்ஷன் வேண்டாம். கை படும், துடைக்க வேண்டியிருக்கும், உரசும் இடங்களில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஹார்ட்னர் கலந்த பெயின்ட் பளபளன்னு இருக்குமே?

இருக்கும். கீறல் விழாமல் நீண்ட நாள் உழைக்கவும் செய்யும். கார்களுக்கு அடிக்கும் இரண்டு பாக பி.யு. பெயின்டில், பெயின்ட் தனி, ஹார்ட்னர் தனி. இரண்டையும் கலந்ததும் வேதிவினை தொடங்கி இறுகும். அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். வேலையிடத்தில் வரும் ஆஸ்துமாவுக்கு உலக அளவில் முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. ஸ்பிரே செய்யும்போது நுண்துளிகளாக நுரையீரலுக்குள் போகும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவு பட்டாலும் மூச்சுத்திணறல் வரக்கூடும். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஸ்பிரே பூத்தில், வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மாஸ்க் அணிந்து செய்ய வேண்டிய வேலை இது. வீட்டு வாசலில் நிற்கும் வேனுக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை.

சாதாரண ஆயில் எனாமலிலும் தின்னரிலும் வேறு பிரச்சினை. டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் இவற்றில் இருக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. அதனால் வண்டியின் தரையோரத்தில் தேங்கி நிற்கும். அந்த நேரத்தில் ஒரு சுவிட்ச், பேட்டரி முனையில் ஒரு பொறி, பற்றவைத்த சிகரெட், எது வேண்டுமானாலும் தீயாக மாறலாம். வீட்டு அறையில் பரவிக் கலைந்துபோகும் ஆவி, வேனுக்குள் போக இடமில்லாமல் அடர்ந்து நிற்கும்.

பெயின்டர் தொழிலையே புற்றுநோய் ஆபத்து உள்ள தொழில் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1989-லேயே வகைப்படுத்தியது. பிறகு மறுபடி ஆராய்ந்தபோதும் அதே முடிவுக்குத்தான் வந்தது. வருடக்கணக்கில் இதே வேலையைச் செய்பவர்களைப் பற்றிய முடிவு அது. ஒருமுறை அடிப்பவருக்கு அதே ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆனால் கூலிக்கு வரும் பெயின்டர் அண்ணனை, ஜன்னல் மூடிய வேனுக்குள் கைக்குட்டை மட்டும் கட்டி வேலை செய்யவிடுவது சரியா என்று யோசிக்க இந்தத் தகவல் போதும்.

கொரோனா காலத்தில் வாங்கிய என்95 மாஸ்க் போதுமா? தேய்க்கும்போது வரும் தூசிக்குப் போதும். தின்னர் வாசனைக்குப் போதாது. ஆவியை அது வடிகட்டாது. அதற்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் மாட்டும் மாஸ்க் தனியாக விற்கிறார்கள்.

பழைய பெயின்டைச் சுரண்டும் முன்...

புது பெயின்டைக் கவனமாக வாங்கிவிட்டோம். ஆனால் பழைய பெயின்ட்? வண்டியின் இரும்புப் பகுதிகளில் ஏற்கெனவே இருப்பது வாகன பெயின்டாகத்தான் இருக்கும். அடியில் ஒரு பிரைமர் இருக்கும். நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் காலங்காலமாக விற்கும் 'ரெட் ஆக்சைடு ஜிங்க் குரோமேட்' பிரைமரில் குரோமியம் இருக்கிறது. அந்த வகைக் குரோமியத் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் ஆபத்து உண்டு.

அதனால் பழைய பெயின்டில் ஈயமும் குரோமியமும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குவது புத்திசாலித்தனம். செய்ய வேண்டியவை எளிமையானவைதான்:

- உலர்ந்த உப்புத்தாளோ கிரைண்டரோ வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரைப் பயன்படுத்தினால் தூசி பறக்காது.
- தீ வைத்தோ, ஹீட் கன்னை அதிகச் சூட்டில் வைத்தோ பெயின்டை உருக்க வேண்டாம். ஈயம் புகையாக மேலே வரும்.
- நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பெயின்டை முழுசாக எடுக்கவே வேண்டாம். மேலாகச் சொரசொரப்பாக்கினால் போதும்.
- தேய்த்த சேற்றை ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். துடைப்பத்தால் கூட்டினால் அத்தனையும் காற்றில்தான்.
- குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். வேலை செய்தவர் அதே உடுப்போடு குழந்தையைத் தூக்கவும் வேண்டாம்.

அடிச்ச பெயின்ட் ஏன் உரியுது?

ஆரோக்கியக் கணக்கு முடிந்தது. அடுத்து பணக் கணக்கு. ஒரு வாரம் உழைத்து அடித்த பெயின்ட், ஆறே மாதத்தில் தோல் மாதிரி உரிந்து வந்தால் என்ன செய்வது? பெரும்பாலும் பெயின்ட் மேல் தப்பு இருக்காது. அடியில் இருக்கும் பரப்பைக் கவனிக்காமல் விட்டிருப்போம்.

வீட்டுச் சுவர் பெயின்டை உறிஞ்சும். கேரவனுக்குள் அப்படி உறிஞ்சும் பரப்பு அநேகமாக எதுவும் இல்லை. அதோடு, வீடு ஓர் இடத்தில் நிற்கிறது. வண்டி குலுங்குகிறது. வெயிலில் விரிகிறது, இரவில் சுருங்குகிறது.

சன்மைக்கா: கண்ணாடி மாதிரி வழவழப்பு. 180 முதல் 220 எண் வரையுள்ள தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, வழுவழுப்பான பரப்பிலும் ஒட்டும் 'பாண்டிங் பிரைமர்' அடிக்க வேண்டும். முனைகள் ஏற்கெனவே தூக்கியிருந்தால் பசை போட்டு ஒட்டிய பிறகே பிரைமர்.

ஃபைபர்: அச்சில் வார்க்கும்போது தடவிய மெழுகு மேலே தங்கியிருக்கலாம். முதலில் மெழுகைத் துடைத்து எடுத்துவிட்டுத் தேய்க்க வேண்டும். வரிசையை மாற்றினால், தேய்க்கும்போது மெழுகு கீறலுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

ஜி.ஐ. தகடு: இதில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. ஆயில் எனாமலை நேரடியாக அடித்தால், அந்த எண்ணெய் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பு மாதிரி ஒரு படலம் உருவாகி, பெயின்ட் பாளம் பாளமாக வரும். ஜி.ஐ.க்கு என்று சொல்லிக் கேட்டு பிரைமர் வாங்க வேண்டும்.

பிளாஸ்டிக்: டேஷ்போர்டு, ஏசி கிரில் போன்றவற்றுக்கு பிளாஸ்டிக் பிரைமர் தனி. முடிந்தால் இவற்றை விட்டுவிடுவதே மேல்.

இடுக்குகள்: வீட்டுச் சுவருக்குப் பார்க்கும் சிமென்ட் பட்டி வண்டிக்குள் ஆகாது. முதல் நூறு கிலோமீட்டர் குலுங்கலிலேயே வெடித்துவிடும். வளைந்து கொடுக்கும், மேலே பெயின்ட் அடிக்கக்கூடிய சீலன்ட் கேட்டு வாங்குங்கள். சிலிகான் சீலன்ட் மேல் எந்த பெயின்டும் ஒட்டாது. பழைய சிலிகான் இருந்தால் சுத்தமாக வழித்தெடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: கூரையில் ஒழுகல் இருக்கிறதா? கறை படிந்த இடத்தில் பெயின்ட் அடித்தால் கறை மறையும், ஒழுகல் மறையாது. உள்ளே பிளைவுட் அழுகிக்கொண்டே இருக்கும். ஓஸ் பிடித்துக் கூரையில் பத்து நிமிடம் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எத்தனை லிட்டர் வாங்கணும்?

ஒரு மாதிரிக் கணக்கு. உள்பக்கம் 15 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கச் சுவர் 252 சதுர அடி. கூரை 90. மொத்தம் 342. ஜன்னல், கதவுக்கு 80 கழித்தால் சுமார் 260 சதுர அடி. ஒரு லிட்டருக்கு ஒரு கோட் 100 சதுர அடி வரும் என்று எடுத்துக்கொண்டால், இரண்டு கோட்டுக்கு ஐந்து லிட்டர் சொச்சம், பிரைமருக்கு இரண்டரை லிட்டர் சொச்சம். அலமாரியின் உள்பக்கமும் அடிப்பதாக இருந்தால் அதைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். வாங்கும் டப்பாவில் போட்டிருக்கும் பரப்பளவை வைத்து இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

எடையிலும் ஒரு லாபம் இருக்கிறது. ஐந்து லிட்டர் பெயின்ட் காய்ந்த பிறகு வண்டியில் ஏறும் எடை மூன்று, நான்கு கிலோதான். பழைய பலகைக்கு மேல் புது 12 எம்.எம். பிளைவுட் அடித்தால், எட்டுக்கு நான்கு ஷீட் ஒன்றே சுமார் 20 கிலோ. வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை ஒன்று உண்டு. டீசல் செலவும் எடையைப் பொறுத்ததுதான். பலகை நல்லாயிருந்தால் பெயின்டோடு நிறுத்திக்கொள்வது வண்டிக்கும் நல்லது.

உள்ளே வெள்ளை அடித்தால் சூடு குறையுமா? இடம் விசாலமாகத் தெரியும், வெளிச்சம் கூடும். சூடு பெரிதாகக் குறையாது. வெயிலைத் தாங்குவது கூரையின் வெளிப்பக்கமும், நடுவில் இருக்கும் வெப்பத்தடுப்பும்தான்.

எந்த மாதம் நல்லது?

சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு ஏற்றது தை, மாசி. சித்திரை, வைகாசி வெயிலில் வண்டித் தகடு தொட முடியாமல் கொதிக்கும். பெயின்ட் பரவும் முன்பே காய்ந்து பிரஷ் கோடு விழும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, சுற்றுவட்டாரக் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம். ஈர பெயின்டுக்குத் திண்டாட்டம். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்றால், மண் பறந்து வந்து ஒட்டாதா என்ன? ஆடித்தபசுக்கு வண்டி ரெடியாக வேண்டும் என்று திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே வேலையை முடிப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். ஈரப்பதத்தில் காய்வது இழுக்கும்.

எந்த மாதமாக இருந்தாலும் நிழலில் நிறுத்துங்கள். காலை வெயில் ஏறும் முன் ஒரு கோட் முடித்துவிடுங்கள்.

ஒரு வார வேலை: படிப்படியாக

முதல் நாள்: பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கேஸ் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்குங்கள். திரை, மெத்தை, கைப்பிடி, கதவு கீல் எல்லாவற்றையும் கழற்றி, எந்த ஸ்குரூ எங்கே என்று கவரில் எழுதி வையுங்கள். கழற்றும் முன் போனில் போட்டோ எடுத்துக்கொள்வது இன்னும் எளிது.

இரண்டாம் நாள்: பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் துடைத்து, சுத்தமான தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பிசுக்கு போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி: தண்ணீர் தெளியுங்கள். படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

மூன்றாம் நாள்: தேய்ப்பது, இடுக்கு அடைப்பது, துடைப்பது. பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தால் கடைசியில் நூல் இல்லாத துணியால் ஒருமுறை துடையுங்கள்.

நான்காம் நாள்: மாஸ்கிங் டேப் ஒட்டி, பிரைமர். முதலில் அலமாரியின் மறைவான ஓர் இடத்தில் மட்டும் அடித்து, மறுநாள் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுத்துப் பாருங்கள். பெயின்ட் டேப்போடு வந்தால், அந்த பிரைமர் உங்கள் பரப்புக்குச் சரியில்லை. முழு வண்டிக்கும் அடித்து ஏமாறுவதைவிட ஒரு நாள் தாமதம் பரவாயில்லை.

ஐந்து, ஆறாம் நாள்: மெல்லிய கோட்டாக இரண்டு முறை. கூரையிலிருந்து கீழே வாருங்கள். பெரிய பரப்புக்குச் சிறிய ஃபோம் ரோலர், ஓரத்துக்கு பிரஷ். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் வழியும், உள்ளே காயாது. கதவுகள் எல்லாம் திறந்திருக்கட்டும். ஒரு பக்கம் ஃபேன் வைத்துக் காற்றை வெளியே தள்ளுங்கள். ஆயில் எனாமல், தின்னர் பயன்படுத்தினால் அந்த ஃபேன் மோட்டாரே பொறிக்குக் காரணமாகலாம். தண்ணீர் பெயின்டைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

மிச்ச தின்னரையோ, பிரஷ் கழுவிய தண்ணீரையோ சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது கடைசியில் போய்ச் சேருவது ஊர்க் குளத்தில்தான்.

பெயின்ட் படவே கூடாத இடங்கள்

- தரையோரக் காற்றுத் துளை: சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் வெளியேறக் கீழே துளை விட்டிருப்பார்கள். அழகுக்காக அதை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.
- அவசர வழி ஜன்னல், கதவு லாக்: பெயின்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டால் அவசரத்தில் திறக்காது. அங்கே இருக்கும் எச்சரிக்கை எழுத்தும் மறையக் கூடாது.
- சீட் பெல்ட் பட்டை: கரைப்பான் பட்டால் இழை வலுவிழக்கலாம்.
- கேஸ் டியூப், ஒயர், கதவு ரப்பர்: கரைப்பான் இவற்றையும் கெடுக்கும். வெடிப்பு விட்டாலும் பெயின்டுக்கு அடியில் தெரியாது.
- சேஸிஸ் எண், வண்டி விவரத் தகடு: எஃப்.சி. சமயத்தில் படிக்க முடியாமல் போனால் அலைச்சல்.

எப்போ உள்ளே தூங்கலாம்?

'ஒரு மணி நேரத்தில் காயும்' என்று டப்பாவில் போட்டிருப்பது, தொட்டால் ஒட்டாது என்பதற்கு மட்டும்தான். முழுதாக இறுக நாட்கள், சில பெயின்ட்களுக்கு வாரங்கள் ஆகும். அதற்குள் அலமாரிக் கதவை இறுக மூடினால் பெயின்டும் பெயின்டும் ஒட்டிக்கொள்ளும். திறக்கும்போது பிய்ந்து வரும்.

தண்ணீர் பெயின்டிலும் கொஞ்சம் ஆவி வெளியேறும். வண்டிக்குள் சூடு ஏறினால் அது இன்னும் கூடும். வெளியே 35 டிகிரி என்றால், வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடலாம். எனவே சில நாட்களுக்குப் பகலில் கதவு, ஜன்னலைத் திறந்தே வையுங்கள். பிறகு ஒரு சோதனை: காலையில் மூடிவிட்டு, மதியம் திறந்து உள்ளே ஏறுங்கள். வாசனை மூக்கில் ஏறினால் இன்னும் நேரம் வரவில்லை. குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் வருவதாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் சேர்த்தே காத்திருங்கள்.

எதை நாமே செய்யலாம், எதை விடணும்?

சுவர், கூரை, அலமாரிக் கதவு: நாமே செய்யலாம். துரு ஓட்டை போட்ட தகடு, வெல்டிங், கேஸ் லைன், ஒயரிங்: தெரிந்தவர்களிடம் கொடுப்பதே சரி. வெளிப்பக்க பெயின்ட்: ஆர்.டி.ஓ. அனுமதிக்குப் பிறகு, வசதியுள்ள பட்டறையில்.

நாளைக்கே கடைக்குப் போவதாக இருந்தால் மூன்று கேள்விகள் போதும். இது தண்ணீரில் கரையும் எனாமலா? ஈயம் 90 பிபிஎம்-க்குள் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா? என் வண்டிக்குள் இருக்கும் பரப்புக்கு எந்த பிரைமர்? இதற்குப் பதில் சொல்லாமல், "வண்டிக்கு இதுதாம்ணே எல்லாரும் வாங்குறாங்க" என்று வேறு டப்பாவை நீட்டினால், அந்த வண்டிக்குள் ராத்திரி படுக்கப்போவது யார் என்பதை நினைத்துக்கொண்டு அடுத்த கடையைப் பாருங்கள்.